குளிருக்கு முன்னால் கேம்பர் குழாய்கள்

ஒன்டாரியோவில் அக்டோபர் வந்தால் பலரும் கேம்பர் வண்டியை ஓரங்கட்டிடுவாங்க. சும்மா பூட்டிட்டு மட்டும் வந்துடாதீங்க. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும். குழாய்க்குள்ள அதுக்கு இடம் இல்லைன்னா வெடிக்கும். குளிர்காலம் முழுக்க ஒண்ணும் தெரியாது. வசந்தத்தில் பம்பைப் போட்டதும் சுவருக்குள்ள ஒழுகும்.

நான் செய்வது இதுதான். முதலில் தொட்டிகள் எல்லாம் காலி. வாட்டர் ஹீட்டரை அணைத்து நன்றாக ஆறவிடுவேன். பம்பை நிறுத்தி, சுடுநீர் டேப்பைத் திறந்து அழுத்தம் போன பிறகுதான் ஹீட்டரின் அடைப்பானைக் கழற்றுவேன். அவசரப்பட்டா சுடுதண்ணி மேல பீய்ச்சும். அடுத்து பைபாஸ் வால்வு. அதைத் திருப்பலைன்னா வாங்கின ஆன்டிஃப்ரீஸ் எல்லாம் ஹீட்டருக்குள்ளேயே போயிடும்.

ஆன்டிஃப்ரீஸ் வாங்கும்போது லேபிளைப் படிங்க. கேம்பருக்கு வேண்டியது புரொப்பிலீன் கிளைகால். பெரும்பாலும் பிங்க் நிறம். கார் ரேடியேட்டருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைகால் விஷம். நிறத்தை மட்டும் நம்பாதீங்க, அடுத்த கோடையில் அதே குழாய்த் தண்ணியைத்தான் குடிக்கப் போறீங்க.

பம்ப் வழியாக அதை இழுத்து, ஒவ்வொரு டேப்பிலும் சுடுநீர், குளிர்நீர் இரண்டு பக்கமும் பிங்க் வரும்வரை விடுங்க. டாய்லெட், ஷவர், சிங்க்குக்குக் கீழே வளைந்த குழாய், எதையும் விடாதீங்க. வண்டிக்கு வெளியே இருக்கும் ஷவரைத்தான் நிறைய பேர் மறக்கறாங்க. வெடிக்க அந்த ஒண்ணு போதும்.