கைம்முதலின்றி வீடு வாங்குதல்

(நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



இன்று நாம் பேசப் புகும் விஷயம் கசப்பானது. எனினும் நம் சங்கமும் அதற்குப் பொறுப்பாளியாதலின் மறைத்தல் முறையன்று. சில மாதங்களுக்கு முன் வீட்டு வியாபாரி ஒருவர் நம் மண்டபத்தை ஒரு மாலைப்பொழுதுக்குக் கேட்டார். நம்மவர் ஒருவரின் சிபாரிசோடு வந்தமையால், நிர்வாகிகளாகிய நாம் யாதொன்றும் விசாரியாமல் கொடுத்தோம். "கையிலிருந்து ஒரு காசும் வேண்டாம், கையொப்பம் ஒன்றே போதும், வருகிற வாடகையே கடனை அடைத்துவிடும்" என்று அவர் பேசினார். அதனைச் சங்கத்தின் வாக்காகவே கொண்டு, நம் குடும்பத்தாருள் சிலர் கையொப்பமிட்டனர். அவர்கள் இன்று படும் அவஸ்தையை நாம் அறிவோம்.

கைம்முதலின்றி வீடு எவ்வாறு கிடைக்கும்? ரிசர்வ் பாங்கியின் விதிப்படி, வீட்டின் மதிப்பில், 30 லட்சம் ரூபாய் வரையுள்ள கடனாயின் நூற்றுக்கு 90, அதற்கு மேல் 75 லட்சம் வரை நூற்றுக்கு 80, அதனினும் மேற்பட்டால் நூற்றுக்கு 75 என்ற அளவுக்கே பாங்கிகள் கடன் தரலாம். எஞ்சிய பங்கை வாங்குவோர் தாமே போடவேண்டும். அப்பங்கு வேண்டாமென்று ஒருவர் சொல்வாராயின், அஃது எங்கேயோ ஒளிக்கப்பட்டிருக்கின்றது என்பதே பொருள்.

ஒளிக்கும் வழி ஒன்றைக் காண்போம். 48 லட்சம் பெறும் வீட்டை 60 லட்சம் என்று கிரயம் எழுதுவர். பாங்கியும் அதனை நம்பினால், நூற்றுக்கு 80 வீதம் 48 லட்சம் கடன் கிடைக்கும். வாங்கியவர் ஒன்றும் போடவில்லை, மெய்தான். ஆனால் வீட்டின் முழு விலையும் அவர் தலையில் கடனாக ஏறியது. பொய் விலைக்கு இட்ட கையொப்பமும் அவருடையதே. 9 சதவீத வட்டியில் 20 வருஷத்துக்கு மாதத் தவணை சுமார் 43,000 ரூபாய் ஆகும். வாடகை 15,000 வந்தாலும் மாதந்தோறும் 28,000 ரூபாய் கைவிட்டுப் போகும். தவணை தவறினால், 2002ஆம் வருஷத்துச் சட்டப்படி, பாங்கி 60 நாள் நோட்டீஸ் கொடுத்து வீட்டைக் கைப்பற்றி விற்கலாம். விற்ற பணம் போதாவிடில், மிச்சக் கடனும் நம்மைத் தொடரும்.

மற்றொரு வழி, "வீடு கட்டி முடியும்வரை வட்டியை நாங்களே கட்டுகிறோம்" என்பது. கடனோ வாங்குவோர் பெயரில் இருக்கும்; கட்டுவோர் நிறுத்திவிட்டால் பாங்கி வாங்கியவரையே கேட்கும். இத்தகைய கடன்களைத் தவிர்க்குமாறு வீட்டுக் கடன் கம்பெனிகளுக்கு 2019இல் தேசிய வீட்டு வசதி பாங்கி அறிவுறுத்தியது. டில்லியைச் சுற்றியுள்ள பிரதேசத்தில் இவ்வாறு கடன்பட்டு, வீடும் காணாது தவித்தோர் முறையிட்டதன்மேல், 2025இல் சுப்ரீம் கோர்ட்டு மத்தியப் புலனாய்வுத் துறையின் விசாரணைக்கு உத்தரவிட்டது.

ஆதலின் நம்மவர் அறியவேண்டுவன சில உள. கட்டி முடியாத வீடாயின், 2016ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டப்படி அது பதிவாகியுள்ளதா என்று தமிழ்நாட்டு ஆணையத்தில் பார்த்துக்கொள்க. பதிவு செய்த ஒப்பந்தமின்றி விலையில் நூற்றுக்கு 10க்கு மேல் முன்பணம் வாங்க அச்சட்டம் இடந்தரவில்லை. சொன்ன தவணையில் வீடு ஒப்படைக்கப்படாவிடில், கொடுத்த பணத்தை வட்டியுடன் திரும்பக் கேட்கும் உரிமையும் உண்டு. மூலப்பத்திரம், வில்லங்கச் சான்றிதழ், பட்டா ஆகியவற்றை விற்பவர் காட்டும் வக்கீலிடமன்றி, நாமே அமர்த்திய வக்கீலிடம் காட்டவேண்டும். அக்கம்பக்கத்து வீடுகளின் விலையையும் நேரிற் சென்று விசாரித்தல் நன்று.

சகோதரர்களே! அந்த வியாபாரி நம்மிடம் பணம் கேட்கவில்லை. அதனினும் அரிய பொருளைக் கேட்டார். "நம்மவர் சொன்னார்" என்றால் மறுபேச்சின்றி நம்பும் நம் வழக்கமே அது. நம் முன்னோர் கைமாற்றுக்கும் ஜாமீனுக்கும் அந்நம்பிக்கையையே முதலாக வைத்துப் பிழைத்தனர். அதனை அவர் ஒரு மாலையில் இலவசமாக வாங்கிச் சென்றார், கொடுத்தவர்கள் நாம்.

இனி எவ்வியாபாரத்துக்கும் மண்டபத்தைக் கொடுப்பதில்லை என்று தீர்மானித்திருக்கின்றோம். கையொப்பமிட்டுவிட்டவர்கள் வெட்கப்பட்டு ஒளியாமல், தங்கள் பத்திரங்களுடன் நிர்வாகிகளிடம் வருக. ஆணையத்துக்கோ கோர்ட்டுக்கோ செல்வதாயின், நாமும் உடன் வருவோம். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடவேண்டும் என்பர். கையொப்பத்தையும் அவ்வாறே அளந்து இடுமாறு வேண்டி, இவ்வளவில் முடிக்கின்றோம்.