கடலும் குதிரையும் பிள்ளையும்

பிள்ளைகளின் கல்வி பாடசாலைச் சுவர்களுக்குள் முடிந்துவிடுவதன்று என்பதை யாவரும் ஒப்புக்கொள்வர். ஆயினும், சனி, ஞாயிறு என்னும் இரு நாள்களையும் பெற்றாரும் பிள்ளைகளும் ஒருங்கே கழிக்கும் வீடுகள் எத்தனை? தந்தை தம் அலுவலிலும், தாய் அடுக்களையிலும், பிள்ளை கைபேசியிலும் மூழ்கியிருக்க, ஒரு கூரையின் கீழ் ஒவ்வொருவரும் தனித்து வாழும் வீடுகளே மிகுதி. இந்நிலையை மாற்றுதற்குரிய வழிகள் பல. அவற்றுள் ஒன்று, கடற்கரையூர் ஒன்றில் இரண்டு நாள் தங்கி, பெற்றாரும் பிள்ளையும் சேர்ந்து குதிரையேற்றம் பழகுவதாகும். கேட்ட அளவில் இது செல்வர் விளையாட்டு என்று தோன்றலாம். ஆனால் ஒரு குடும்பத்துக்கு ஒரு குதிரையே போதும். அதுவும் காலையில் சிறிது நேரத்துக்குக் கிடைத்தாற் போதும். பணத்திலும் அதிகமாக இங்கு வேண்டப்படுவது பொறுமையே.

கடலுக்கும் குதிரைக்கும் உள்ள தொடர்பு தமிழருக்குப் புதியதன்று. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் குதிரைகள் கடல்வழி வந்திறங்கிய செய்தியைப் பட்டினப்பாலை கூறுகின்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டி நாட்டுக் கரையைக் கண்ட வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, அந்நாட்டரசர் ஆண்டுதோறும் பெருந்தொகையான குதிரைகளை அரபு நாட்டு வணிகரிடம் வாங்கினர் என்றும், அவற்றைப் பேணும் முறை அறியாமையால் பெரும்பாலானவை விரைவில் மாண்டன என்றும் எழுதிவைத்தார். பொன் கொடுத்து வாங்கிய குதிரை அறியாமையால் அழிந்தது. ஏறுமுன் அறிதல் வேண்டும் என்பதே அவ்வரலாறு தரும் பாடம். குடும்பம் ஒன்றின் இரண்டு நாட் பயணத்துக்கும் அப்பாடம் பொருந்தும்.

ஆதலின், திட்டம் எங்கிருந்து தொடங்கவேண்டும்? பிள்ளையின் ஆசையிலிருந்தோ, தந்தையின் விடுமுறையிலிருந்தோ அன்று. கடலிலிருந்தும் குதிரையிலிருந்துமே தொடங்கவேண்டும். இலங்கைக் கடல்கள் எல்லாம் எல்லாக் காலத்திலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. மே மாதம் முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று மேற்குக் கரையையும் தெற்குக் கரையையும் கொந்தளிக்கச் செய்யும். அப்போது கிழக்குக் கரை அமைதியாயிருக்கும். மார்கழி தொடக்கம் வாடைக் காற்று வீசுங்கால் நிலைமை மாறி, கிழக்குக் கரையில் அலை உயரும். மேற்கும் தெற்கும் அமைதியடையும். பயணத்துக்குரிய கரையைத் தெரிவு செய்யும்போது முதலிற் பார்க்கவேண்டியது இதுவே.

அடுத்துப் பார்க்கவேண்டியது பொழுது. இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் இடைப்பட்ட பிரிஸ்டல் கால்வாயில் கடல் 12 மீற்றருக்கும் மேலாக ஏறி இறங்கும் நாள்கள் உண்டு. அங்கே வற்றுக்காலத்தில் பரந்த மணல்வெளி தோன்றும். அத்தகைய கரைகளிற் குதிரை செலுத்துவோர் வற்றும் நேரத்தை அறியாமற் புறப்படுவதில்லை. இலங்கைக் கரைகளில் அந்த ஏற்றத்தாழ்வு ஒரு மீற்றரிலும் குறைவு. ஆதலால் இங்கே மணிக்கூட்டை ஆள்வது கடலினும் கதிரவனே. காலை எட்டு மணிக்கு முன்னும், மாலை நான்கு மணிக்குப் பின்னுமே குதிரையை மணலில் நடத்துதல் தகும். நண்பகல் வெயில் பிள்ளையின் தலையைச் சுடும். சுமை தாங்கி நிற்கும் குதிரையை அதனினும் மிகையாக வருத்தும்.

கடலோரத்திற் காணும் குதிரை எல்லாம் ஏறுதற்குரியன அல்ல என்பதையும் பிள்ளைகளுக்கு உணர்த்தவேண்டும். குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகேறிச் சென்றால், நெடுந்தீவின் வெளிகளிற் கூட்டங் கூட்டமாக மேயும் மட்டக்குதிரைகளைக் காணலாம். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்தன என்று கூறப்படும் அவை, இன்று எவருக்கும் அடங்காது தாமே வாழ்வன. அங்கு 2015 ஆம் ஆண்டிலே தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. கோடையில் நீர்நிலைகள் வற்ற, அக்குதிரைகள் தாகத்தால் வருந்துவதுண்டு. அவற்றைத் தூர நின்று பார்த்துவிட்டுத் திரும்புவதே முறை. துரத்திப் பிடித்து ஏற முயல்வதும், படம் எடுப்பதற்காகக் குட்டியைத் தாயினின்று பிரிப்பதும் பிள்ளைகளுக்குக் கொடுமையைக் கற்பிப்பனவாகும். ஏறுவதற்கு வேண்டப்படுவது பழக்கப்பட்ட குதிரையும், அதனை அறிந்த குதிரைக்காரருமே.

அக்குதிரையைத் தெரிவு செய்தல் பெற்றாரின் பெரிய பொறுப்பு. அழகையும் நிறத்தையும் பார்த்து மயங்குதல் ஆகாது. விலா எலும்பு புடைத்துத் தெரிகின்றதா, சேணத்தின் கீழே புண் உண்டா, நடக்கும்போது ஏதேனும் ஒரு கால் நொண்டுகின்றதா என்பனவற்றைப் பார்த்தல் வேண்டும். சேணத்தைத் தூக்கிக் காட்டும்படி பணிவாகக் கேட்டால், நல்ல குதிரைக்காரர் மறுக்கமாட்டார். அன்று காலை அக்குதிரை எத்தனை பேரைச் சுமந்தது என்றும் கேட்கலாம். இளைத்துக் களைத்து நிற்கும் குதிரையாயின் அதனை ஏற்காது விடுதலே நன்று. அதற்காகப் பிள்ளையின் முன்னே குதிரைக்காரரை இகழ்தலும் தகாது. அவர் வயிறும் அக்குதிரையோடு கட்டப்பட்டது. ஒரு மணி நேரத்துக்குப் பேசிய கூலியை முழுமையாகக் கொடுத்து, அதில் அரைப்பங்கு நேரம் குதிரை நிழலில் நிற்கட்டும் என்று சொல்லும் தந்தை, இருவருக்கும் ஒருசேர உதவியவர் ஆவார்.

பாரத்தைப் பற்றியும் ஒரு கணக்கு உண்டு. குதிரை சுமக்கும் பாரம், சேணமும் உட்பட, அதன் நிறையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது என்பது பொதுவாகக் கொள்ளப்படும் வரம்பு. 250 கிலோ நிறையுள்ள மட்டக்குதிரை 50 கிலோவுக்கு மேற் சுமத்தல் ஆகாது. பத்து வயதுப் பிள்ளையை அது எளிதிற் சுமக்கும், தந்தையைச் சுமவாது. பிள்ளையை முன்னே இருத்தித் தாமும் பின்னே ஏறிக்கொள்ளும் வழக்கம் இக்கணக்கினால் விலக்கப்பட்டதாகும். அவ்வாறாயின் தந்தைக்கும் தாய்க்கும் அங்கு என்ன வேலை? பிள்ளை ஏறியிருக்க, குதிரையின் பக்கத்தே நடப்பதே அவர்கள் வேலை. பயணத்தின் சிறந்த பகுதியும் அதுவே.

கொண்டுசெல்லவேண்டிய பொருள்கள் அதிகமில்லை. தலைக்கு அளவாகப் பொருந்தி, தாடையின் கீழே வாரினாற் கட்டப்படும் தலைக்கவசம் முதன்மையானது. சாதாரணத் தொப்பி அதற்கு ஈடாகாது. குதி சற்று உயர்ந்த சப்பாத்து இரண்டாவது. அங்கவடிக்குள்ளே பாதம் முழுவதும் நுழைந்து சிக்காதிருக்க அது உதவும். முழங்காலை மூடும் நீண்ட காற்சட்டை, குடிநீர், காயத்துக்குரிய மருந்து ஆகியவற்றையும் எடுத்துச் செல்லவேண்டும். ஏற்புவலித் தடுப்பூசி உரிய காலத்திற் போடப்பட்டுள்ளதா என்பதைப் புறப்படுமுன்னரே வைத்தியரிடம் கேட்டறிதல் நன்று. செய்யத்தகாதனவும் இரண்டு உள. விழாதிருக்கட்டும் என்று பிள்ளையைச் சேணத்தோடு கட்டுதல் ஒன்று. கடிவாள வாரைக் கையிற் சுற்றிக்கொள்ளுதல் மற்றொன்று. குதிரை மிரண்டால், விழுந்து எழக்கூடிய பிள்ளையை இவ்விரண்டும் இழுத்துச் செல்லப்படும் பிள்ளையாக்கும்.

இனி, இரண்டு நாள்களையும் பகிர்ந்துகொள்ளும் முறையைப் பார்ப்போம். முதல்நாள் ஏறுதற்குரிய நாளன்று, அறிமுக நாள். குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்தவை. ஏறக்குறையச் சுற்றிலும் உள்ள அனைத்தையும் அது காணவல்லது. நேர் பின்னும், நெற்றிக்கு மிக அண்மையில் நேர் முன்னுமே அதற்குத் தெரியாத இடங்கள். தெரியாத இடத்திலிருந்து வருவது எதுவாயினும் அது பகை என்றே அஞ்சும். ஆகவே, பின்புறமாகச் செல்லாது, மெல்லப் பேசிக்கொண்டே இடத்தோட் பக்கமாக அணுகவேண்டும். காதுகள் முன்னோக்கியிருந்தால் அது எதனையோ உற்றுக் கவனிக்கின்றது. பின்னே படிந்து ஒட்டிக்கொண்டால் சினந்திருக்கின்றது. பச்சைப் புல்லையோ கரட் துண்டையோ விரித்த உள்ளங்கையில் வைத்தே நீட்டவேண்டும். விரலைக் குவித்து நீட்டினால் விரலும் உணவென்று கடிபடும். இவற்றைப் பிள்ளைக்குக் குதிரைக்காரரே கற்பிக்கட்டும். தந்தையும் அருகில் நின்று மாணாக்கராகக் கேட்கட்டும். தம் தந்தை ஒன்றை அறியாதவராய் நின்று கற்றுக்கொள்வதைப் பிள்ளை காணும் வாய்ப்பு மிக அரிது. அக்காட்சி பத்து அறிவுரைகளுக்கு மேலானது.

சில பிள்ளைகள் ஊரிலிருந்து புறப்படும்போது துள்ளுவர். குதிரையின் பக்கத்தே வந்ததும் தாயின் பின்னே ஒளிவர். “இவ்வளவு செலவு செய்து வந்தோமே, ஏறு” என்று அதட்டும் பெற்றார் உளர். “பக்கத்து வீட்டுப் பிள்ளை ஏறியதே, நீ கோழை” என்று பழிப்போரும் உளர். அச்சம் அறிவின் ஒரு பகுதி என்பதை இவர்கள் மறக்கின்றனர். தன்னிலும் பன்மடங்கு பெரிய உயிரின்முன் தயங்கி நிற்கும் பிள்ளை, உள்ளதை உள்ளவாறு கண்டுகொண்ட பிள்ளையே. அதனைத் தூக்கிச் சேணத்தில் இருத்தினால், அதன் நடுக்கத்தைக் குதிரை உடனே உணரும். உணர்ந்து தானும் கலங்கும். கிரேக்க நாட்டிலே சோக்கிரதீசரிடம் பழகிய செனோபன், குதிரையேற்றத்தைப் பற்றித் தாம் எழுதிய நூலில், குதிரையைச் சினத்தோடு அணுகலாகாது என்பதைத் தலையாய விதியாக வற்புறுத்தினார். அவ்விதி பிள்ளைக்கும் பொருந்தும். அஞ்சும் பிள்ளை ஏறவேண்டாம். தூரிகையாற் கழுத்தைத் தேய்த்துவிடட்டும். வாளியில் நீர் கொண்டுவரட்டும். குதிரைக்கு ஒரு பெயர் வைத்து அழைக்கட்டும். இரண்டாம் நாளும் ஏற மறுத்தால், மறுத்தபடியே வீடு திரும்பட்டும். பெற்றார் தன் சொல்லை மதித்தனர் என்னும் உறுதி, ஒரு நாட் சவாரியிலும் நெடுங்காலம் பிள்ளையின் நெஞ்சில் நிற்கும்.

இரண்டாம் நாட் காலையே சவாரிக்குரியது. ஏறுமுன், நிறுத்தும் வகையையும் இறங்கும் வகையையும் பிள்ளை கற்றிருக்கவேண்டும். இறங்கும்போது இரண்டு பாதங்களையும் அங்கவடியினின்றும் முதலில் விடுவித்துக்கொள்ளல் வேண்டும். உலர்ந்த தளர்மணலிற் குதிரையின் குளம்பு புதையும். கால் நரம்புகள் நோகும். அலை வந்து மீளும் விளிம்புக்குச் சற்று மேலே, ஈரம் பட்டு இறுகிய மணலே ஏற்ற பாதை. பழகாத குதிரைக்கு, மீளும் அலை நிலமே நகர்வதுபோலத் தோன்றும். அது திடீரென்று பக்கவாட்டில் ஒதுங்கக்கூடும். ஆகவே பிள்ளை இருக்கும் குதிரையை நீருக்குள் இறக்குதல் ஆகாது. குதிரைக்காரர் தலைக்கயிற்றைப் பிடித்து முன்னே செல்ல, தந்தையோ தாயோ பிள்ளையின் காலோடு ஒட்டி நடக்கவேண்டும். நடை ஒன்றே போதும். ஓட்டமும் பாய்ச்சலும் பல மாதப் பயிற்சிக்குப் பின் வரவேண்டியவை. முதன்முறை கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டியதில்லை.

சவாரி முடிந்ததும் விடைபெற்று ஓடிவிடுதல் முறையன்று. தோலிலும் குளம்பிலும் படிந்த உப்பு நீரை நன்னீராற் கழுவவேண்டும். நாளொன்றுக்கு 25 முதல் 50 லீற்றர் வரை நீர் குடிக்கும் விலங்கு குதிரை. வெயிற்காலத்தில் அதற்கு மேலும் வேண்டும். கடல் எதிரே பரந்து கிடந்தும் அதில் ஒரு மிடறும் அதற்கு உதவாது. அதன் தாகத்தைத் தீர்க்கப் பிள்ளை தன் கையாலே வாளியைத் தூக்கி வைக்கட்டும். வைக்கோலையும் புல்லையும் மணலிற் கொட்டாது தொட்டியில் இடட்டும். தீனோடு மணலும் உட்சென்றால் குதிரைக்கு வயிற்றுவலி உண்டாகும். தன்னைச் சுமந்த உயிருக்குத் தான் செய்யவேண்டிய கடன் உண்டு என்பதைப் பிள்ளை அங்கே கைத்தொழிலாகக் கற்கின்றது. புத்தகத்தில் அப்பாடத்தை எத்தனை முறை ஒப்புவித்தாலும் அது அவ்வளவு ஆழமாகப் பதியாது.

குதிரை குணமறிந்தே இறைவன் அதற்குக் கொம்பு கொடுக்கவில்லை என்பது பழமொழி. கொம்பில்லாக் குதிரைக்கு அஞ்சி ஓடுதலே அரண். அத்தகைய உயிர் ஒரு மனிதனை நம்பித் தன் முதுகை நீட்டுமாயின், அந்நம்பிக்கை அடித்துப் பெறத்தக்கதன்று. நாளும் பேணிப் பெறத்தக்கது. பிள்ளையின் நம்பிக்கையும் அத்தகையதே. வீட்டிலே கட்டளையிட்டுப் பழகிய பெற்றார், கடற்கரை மணலிற் கால் புதையப் பிள்ளையின் பக்கத்தே நடக்கும் அந்தக் கால் மணி நேரத்தில், பிள்ளையின் முகத்தை அண்ணாந்து பார்க்கின்றனர். பிள்ளையும் அவர்களைக் குனிந்து பார்க்கின்றது. அந்த உயரத்திலிருந்து தான் விழாதபடி ஒரு கை எப்போதும் அருகில் இருந்தது என்பதைப் பிள்ளை நினைவில் வைத்திருக்கும். திட்டமிடும் பெற்றார் மனத்திற் கொள்ளவேண்டிய பயன் அதுவே.