விழுந்த கைக்கு ஒரு கண்ணாடி

(அச்சன்புதூரில் நடந்த மகளிர் குழுக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



இன்னைக்கு கடன், சேமிப்பு பற்றிப் பேசப் போறதில்லை. நம்ம கையைப் பற்றிப் பேசப் போறேன். பீடி சுற்றுவதும், நாற்று நடுவதும் இந்தக் கைதான். பக்கவாதம் வந்து ஒரு கை விழுந்துட்டா, "இனி அவ்வளவுதான்" என்று அந்தப் பெண்ணைக் கட்டிலோடு விட்டுவிடுகிறோம். வருமானம் போகிறது. குழுவுக்கு வருவதும் நின்றுபோகிறது.

ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பக்கவாதத்தில் கெட்டுப்போவது கை அல்ல. மூளையில் ரத்தக்குழாய் அடைத்தோ வெடித்தோ, கையை அசைக்கச் சொல்லும் பகுதி பாதிக்கப்படுகிறது. வாய் கோணினால், கையைத் தூக்க முடியாவிட்டால், பேச்சு குழறினால் உடனே 108-க்குப் போன் பண்ணுங்க. அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். புறா ரத்தம் தேய்த்துக்கொண்டிருந்தால் அந்த நேரம் போய்விடும்.

சரி, கை விழுந்த பிறகு என்ன செய்வது? மூளைக்குத் திரும்பக் கற்றுக்கொள்ளும் சக்தி உண்டு. அதற்கு உதவும் ஒரு வழிதான் கண்ணாடிப் பயிற்சி. இதைக் கொண்டுவந்தவர் நம்ம தமிழ்நாட்டுக்காரர்தான். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்காவில் மூளை ஆராய்ச்சி செய்த டாக்டர் வி.எஸ். ராமச்சந்திரன். கை வெட்டப்பட்டவர்களுக்கு, இல்லாத கையில் வரும் வலிக்காக 1990-களில் கண்ணாடியைப் பயன்படுத்தினார். 1999-ல் அவரும் மற்ற மருத்துவர்களும் பக்கவாதம் வந்த 9 பேரிடம் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். 2018-ல் 62 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, கை அசைவும் அன்றாட வேலை செய்யும் திறனும் கூடுவது தெரிந்தது.

செய்முறை எளிதுதான். மேசை மேல், நெஞ்சுக்கு நேராக, முகம் பார்க்கும் கண்ணாடியை நிமிர்த்தி வைக்க வேண்டும். முகம் தெரியும் பக்கம் நல்ல கையைப் பார்த்து இருக்கட்டும். விழுந்த கை கண்ணாடிக்குப் பின்னால் மறைந்திருக்கட்டும். வளையல், மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். நல்ல கையை மெதுவாக மூடித் திறக்கணும், மணிக்கட்டைத் திருப்பணும், கட்டைவிரலால் ஒவ்வொரு விரலையும் தொடணும். கண் கண்ணாடியிலேயே இருக்கணும். பார்ப்பவருக்கு விழுந்த கையே அசைவது போலத் தெரியும். அந்தக் காட்சி மூளையைத் தூண்டுகிறது. மறைந்திருக்கும் கையாலும் அதையே செய்ய முயற்சி செய்யணும். தினம் அரை மணி நேரம், குறைந்தது நாலு வாரம்.

எல்லாருக்கும் முழுசாகச் சரியாகிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். மருந்தையும் மற்ற பயிற்சியையும் நிறுத்தக் கூடாது. முதலில் பிசியோதெரபி தெரிந்தவரிடம் காட்டிக் கற்றுக்கொள்ளணும். தலை சுற்றினால் நிறுத்தணும். கண்ணாடி ஓரத்தில் துணி ஒட்டி, சாயாமல் வைக்கணும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுப்பதும் சேர்க்கப்பட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

வீட்டில் உள்ளவர்கள் வேலைக்குப் போய்விட்டால், பக்கத்தில் உட்கார யார் இருக்கிறார்கள்? நாமதான். குழுவுக்கு 12 பேர் இருந்தால் ஆளுக்கு ஒரு நாள் முறை வைக்கலாமே! அவசரத்துக்குக் கடன் கொடுக்கும் குழு, அரை மணி நேரமும் கொடுக்க முடியும். உங்க தெருவில் அப்படி யார் இருக்கிறார்கள் என்று அடுத்த கூட்டத்துக்குள் பெயர் எழுதிக்கொண்டு வாங்க.