மோட்டார்த் தொழில் பயில எங்கே சேர்ப்பது?

மகனை மோட்டார் மெக்கானிக் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர் பலரும் 'அரசு அங்கீகாரம் பெற்றது' என்ற பலகையைக் கண்டு மயங்குகின்றனர். சொற்களைப் பெயர்த்தே பிழைக்கும் நமக்கு இச்சொல்லின்மீது சற்று ஐயம் உண்டு. 1950-இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தில் மத்திய அரசின் இணைப்பு நிலையத்துக்கு மொத்தமாக அன்று, தொழிற்பிரிவுதோறும் தனித்தனியே வழங்கப்பெறுகிறது. மின்பணியாளர் பிரிவுக்கு அதனைப் பெற்ற நிலையம் மோட்டார்ப் பிரிவுக்கும் பெற்றிருக்கும் என்பது உறுதியன்று. அஃது இல்லையேல், ஈராண்டு பயின்றும் தேசியத் தொழிற்சான்றிதழ் கிட்டாது.

நம் உறவினர் மகன் ஒருவன் இவ்வாறே ஈராண்டை இழந்தான். அவன் பயின்ற பட்டறையில், குறுக்கே அறுத்து வண்ணம் பூசிய எஞ்சின் ஒன்றே இருந்தது. அதனைத் தொட்டுப் பார்த்தான், ஓட்டிப் பார்த்ததில்லை.

ஆகவே, கட்டணம் செலுத்துமுன் பட்டறைக்குள் நுழையுங்கள். ஓடும் எஞ்சின்கள் எத்தனை? ஒரு ஸ்பானருக்கு எத்தனை கைகள்? 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்தபின் விற்ற வண்டிகளின் பழுதை அறியும் ஸ்கேனர் உண்டா? மாணவர் நகங்களையும் நோக்குங்கள். கிரீஸ் படியாத நகம் அங்கே நல்ல அறிகுறியன்று. பயின்று வெளியேறியோர் எந்தப் பணிமனைகளில் தொழில் பழகுநராகச் சேர்ந்தனர் என்றும் வினவுங்கள். பெயர் சொல்லத் தயங்கினால், அடுத்த நிலையத்துக்குப் பேருந்து ஏறலாம்.