குதிரைக்குக் கணக்கு உண்டு, குதிரைக்காரருக்கு?

(திருவனந்தபுரம் சாலைப் பகுதியில் தமிழ்த் தொழிலாளர்களிடையே ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சாலைக் கடைத்தெருவிலிருந்து கிழக்கேகோட்டையைத் தாண்டினால், பத்மநாபசுவாமி கோயிலுக்கு அருகே சுவாதித் திருநாள் மகாராஜா கட்டுவித்த அரண்மனை ஒன்று இருக்கிறது. கூரை விளிம்பைத் தாங்கும் மரச் சட்டங்களில் 122 குதிரைகள் செதுக்கப்பட்டிருப்பதால் அதற்குக் குதிரைமாளிகை என்றே பெயர் நிலைத்துவிட்டது. மரக்குதிரைகளின் எண்ணிக்கை ஊரறிந்த செய்தி. அரச லாயத்தில் உயிருள்ள குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டியவர்களும், சாணம் வாரியவர்களும், லாடம் அடித்தவர்களும் எத்தனை பேர் என்று கேட்போர் அரிது. இன்றைய நகரங்களின் குதிரையேற்றப் பள்ளிகளிலும் பந்தயத் திடல்களிலும் இந்தப் பழக்கம் தொடர்கிறது. லாயங்களில் உழைப்போரும் அங்கே கற்றுக்கொடுப்போரும் தொழிலாளர்களாக எண்ணப்பட வேண்டும் என்பதே இந்த உரையின் பொருள்.

முதலில் அந்த வேலை எத்தகையது என்பதைப் பார்ப்போம். வளர்ந்த குதிரையின் எடை ஏறத்தாழ 400 முதல் 500 கிலோ. அது நாளொன்றுக்கு 25 முதல் 40 லிட்டர் வரை தண்ணீர் குடிக்கும். 20 கிலோ அளவுக்குச் சாணம் போடும். உடலின் பருமனை நோக்க அதன் இரைப்பை மிகச் சிறியது. ஆகவே புல்லையும் கொள்ளையும் தவிட்டையும் ஒரே வேளையில் கொட்டிவிட்டுப் போக இயலாது. பகிர்ந்து பலமுறை கொடுக்க வேண்டும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்பதால், தீனியில் தவறு நேர்ந்தால் வயிற்றுவலி உயிரையே வாங்கிவிடும். நள்ளிரவில் குதிரை நிலைகொள்ளாமல் தன் வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பதை, லாயத்திலேயே படுத்துறங்கும் பணியாளர்தான் முதலில் கவனிக்கிறார். மருத்துவர் பிறகே வருகிறார். குளம்பு நகம்போல் வளர்வதால் ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை அதைச் சீவி லாடத்தை மாற்ற வேண்டும். ஞாயிறும் பண்டிகையும் குதிரையின் பசிக்குத் தெரியா. மாற்றாள் இல்லாத லாயத்தில் வார விடுமுறை என்பது வெறும் சொல்.

கற்றுக்கொடுப்பவரின் உழைப்பு இதைவிட மறைவானது. குதிரையை இடப்பக்கமாக அணுகுவது, பின்னங்கால்களுக்கு நேராக நிற்காதிருப்பது, சேணத்தின் வாரை இறுக்குவது, அங்கவடியின் உயரத்தைச் சரிசெய்வது என்று தொடங்குகிறது பாடம். நீண்ட கயிற்றில் குதிரையை வட்டமாக நடக்கவிட்டு நடுவில் நிற்கும் ஆசிரியர், குதிரையின் காதுகளையும் மாணவரின் முதுகையும் ஒருங்கே கவனிக்க வேண்டும். காதுகள் பின்னோக்கி மடிந்தால் விலங்கு சினமுறுகிறது என்று பொருள். அந்த நொடியைத் தவறவிட்டால் ஒரு குழந்தையின் எலும்பு முறியும். இந்த அறிவு புத்தகத்தில் வருவதன்று. லாயத்தில் பல ஆண்டுகள் உழைத்துப் பெறுவது. ஆயினும் வகுப்புக்கு இவ்வளவு என்று கூலி பேசப்படும் இடங்களில், மழை பெய்தால் வகுப்பு இல்லை. வகுப்பு இல்லையேல் கூலியும் இல்லை. இரு பருவமழைகளைக் காணும் கேரளத்தில் இதன் பொருள் என்ன என்பதை நாட்கூலியில் வாழும் தோழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மழை நாளிலும் குதிரைக்குத் தீனி உண்டு. அதனிடம் வேலை வாங்கும் ஆசிரியரின் வீட்டு அடுப்புக்கு அந்த உறுதி இல்லை.

இதே நகரில் கேரளக் காவல்துறையின் குதிரைப்படைப் பிரிவு இயங்குகிறது. அங்கே குதிரையேறும் காவலருக்கு ஊதிய விகிதமும் பதவி உயர்வும் உண்டு. விலங்கு ஒன்றே, ஆபத்தும் ஒன்றே. அரசின் லாயத்தில் பணியாக இருப்பது தனியார் லாயத்தில் முதலாளியின் தயவாகிவிடுகிறது.

இந்தத் தயவு மனப்பான்மைக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. வாகனத்தில் ஏறும் உரிமை ஒரு சாராருக்கும், அதைப் பேணும் கடமை இன்னொரு சாராருக்கும் என்று சாதி பிரித்து வைத்திருந்த நாடு இது. திருவனந்தபுரத்துக்குத் தெற்கே வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி 1893-இல் வில்வண்டி ஏறிப் பொதுவழியில் சென்றபோது, ஆதிக்கச் சாதியினர் வழிமறித்துத் தாக்கியது இதனால்தான். பின்னர் தம் மக்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவு திறக்க, வயல்வேலையை நிறுத்திப் போராடச் செய்தவரும் அவரே. குதிரைக்காரரைத் தொழிலாளியாகப் பார்க்காமல் வீட்டு ஏவலாளாகப் பார்க்கும் கண் அந்தப் பழைய கண்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? கிளாண்டர்ஸ் என்னும் கொடிய நோய் குதிரையிடமிருந்து மனிதருக்கும் தொற்றக்கூடியது. அதைக் கட்டுப்படுத்தக் கொல்லப்படும் குதிரைக்காக உரிமையாளர் இழப்பீடு பெற அரசுத் திட்டம் உள்ளது. பணியாளருக்கும் வழி இல்லாமல் இல்லை. 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, விலங்குகளைக் கையாளும் வேலையில் தொற்றும் நோயைத் தொழில்சார் நோயாக ஏற்றது. ஆனால் அதைக் கேட்டுப் பெற, தாம் இன்னாரிடம் வேலை செய்தவர் என்பதை அவர் மெய்ப்பிக்க வேண்டும். நியமனக் கடிதமும் வருகைப் பதிவேடும் இல்லாத இடத்தில் எதைக் காட்டுவார்?

பந்தய உலகில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையானது. குதிரை ஒருவருடையது, அதைப் பழக்க உரிமம் பெற்றவர் இன்னொருவர், ஓடுபாதை கிளப்பினுடையது, லாயப் பணியாளரின் கூலியோ பயிற்சியாளரின் கையிலிருந்து வருகிறது. பெங்களூரு டர்ஃப் கிளப் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014-இல், தொழிலாளர் ஈட்டுறுதிச் சட்டத்தின் நோக்கில் பந்தயக் கிளப்பும் ‘கடை’ என்னும் சொல்லுக்குள் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. அது நல்ல முன்னேற்றம். ஆயினும் பொதுவாகப் பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் நிறுவனத்தை ஈட்டுறுதித் திட்டம் எட்டுவதில்லை. ஐந்தாறு பேரை வைத்து நடக்கும் நகரக் குதிரையேற்றப் பள்ளி இந்த எண்ணிக்கையாலேயே வெளியே நின்றுவிடுகிறது.

பதிவேடு இல்லாமையின் விலை, லாயம் மூடப்படும் நாளில் தெரியும். 2024 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு, சென்னை கிண்டியில் மெட்ராஸ் ரேஸ் கிளப்பிடம் குத்தகைக்கு இருந்த 160 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தின் குத்தகையை ரத்துசெய்து திடலுக்கு முத்திரையிட்டது. 730 கோடி ரூபாய்க்கு மேல் வாடகை பாக்கி என்றது அரசு. பொதுநிலம் மக்களின் பயன்பாட்டுக்குத் திரும்புவது வரவேற்கத்தக்கதே. ஆனால் நில வழக்கில் தரப்பினர் இருவர்தான்: நிலம் கொடுத்தவரும் நிலம் பெற்றவரும். லாயத்தில் வாழ்நாளைக் கழித்தவர் மூன்றாவது தரப்பாக நின்று மாற்று வேலை கோர வேண்டுமானால், அவர் பெயர் ஏதேனும் ஓர் ஏட்டில் இருந்தாக வேண்டும்.

இதற்கு வழி இந்தச் சாலைச் சந்தையிலேயே இருக்கிறது. மூட்டை தூக்கும் தோழருக்கும் ஒரே முதலாளி கிடையாது; காலையில் ஒரு கடை, மாலையில் ஒரு லாரி. “யார் உன் முதலாளி?” என்ற கேள்வியைக் கொண்டே அவரையும் ஒதுக்கி வைத்திருந்தார்கள். கேரளச் சுமைத் தொழிலாளர் சட்டம், 1978 அந்தக் கேள்வியைத் திருப்பிப் போட்டது. தொழிலாளியைப் பதிவு செய், அட்டை கொடு, வேலை கொடுப்போர் அனைவரிடமிருந்தும் நலநிதிக்கு வசூல் செய் என்றது. பார்த்துக்கொண்டு நிற்பதற்குக் கூலி கேட்ட நோக்குகூலி போன்ற தவறுகள் நேர்ந்ததும் உண்மை. 2018-இல் அரசு அதற்குத் தடை விதித்தது. தவறுக்குத் தடை வந்தது, வாரியம் நிலைத்திருக்கிறது. சந்தையில் கொள்ளு மூட்டையைச் சுமப்பவருக்குக் கிடைத்த பாதுகாப்பு, அதே கொள்ளை ஊறவைத்துக் குதிரைக்கு ஊட்டுபவருக்கு ஏன் கிடைக்கக் கூடாது?

அதே 1978-இல், 1957 அமைச்சரவையில் சட்ட அமைச்சராக இருந்த வி.ஆர்.கிருஷ்ணய்யர் உச்ச நீதிமன்ற நீதிபதியாகக் கோழிக்கோட்டுக் கயிற்றுத் தொழிற்சாலை வழக்கில் தீர்ப்பளித்தார். இடையில் ஒப்பந்தக்காரர்கள் நின்றாலும், யாருடைய தொழிலுக்காக உழைப்பு செலவாகிறதோ, யாரைச் சார்ந்து தொழிலாளியின் பிழைப்பு நிற்கிறதோ, அவரே உண்மை முதலாளி என்பது அதன் சாரம். திரையை விலக்கிப் பார்க்கும் அந்தப் பார்வையை லாயங்களுக்கும் கொண்டுசெல்ல வேண்டும்.

ஆகவே கோரிக்கைகள் எளியவை. ஒவ்வொரு குதிரையேற்றப் பள்ளியிலும் பணியாளருக்கும் ஆசிரியருக்கும் எழுத்து வடிவில் நியமனம் வேண்டும். மாற்றாளுடன் கூடிய வார விடுமுறை வேண்டும். குதிரைக்கு எடுக்கும் காப்பீட்டோடு அதைப் பேணுபவருக்கும் காப்பீடும் தடுப்பூசியும் வேண்டும். பத்துப் பேருக்குக் குறைந்த லாயங்களையும் உள்ளடக்கும் நலவாரியப் பதிவு வேண்டும்.

லாயப் பணியாளர்கள் சிலராக, பல இடங்களில் சிதறிக் கிடக்கிறார்கள். தனியாகச் சங்கம் கட்டும் வலு அவர்களுக்கு இன்று இல்லை. கட்டிய சங்கம் உள்ள சாலைத் தோழர்கள்தான் அவர்களைத் தேடிச் சென்று முதல் உறுப்பினர் அட்டையைக் கையில் கொடுக்க வேண்டும். தீவன மூட்டை இறங்கும் ஒவ்வொரு லாயத்தின் வாசலும் சாலைத் தோழர்களுக்குத் தெரியும். அங்கிருந்தே வேலையைத் தொடங்குங்கள்.