இடி மின்னல் எச்சரிக்கையும் நம் மஹல்லாவும்

(அறக்கட்டளையின் மாதாந்திரக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



"அடுத்த 3 மணி நேரத்தில் செங்கல்பட்டு மாவட்டத்தில் இடி மின்னலுடன் மழைக்கு வாய்ப்பு" என்று டிவியில் அடிக்கடி பார்க்கிறோம். புயலை நாலைந்து நாள் முன்பே சொல்கிறவர்கள் இடிமழையை மட்டும் ஏன் கடைசி நேரத்தில் சொல்கிறார்கள் என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

புயல் பல நூறு கிலோமீட்டர் அகலமுள்ளது. நாள்கணக்கில் கடலில் நகர்ந்து வரும். இடிமேகமோ சில கிலோமீட்டர் அகலம்தான். ஒரு மேகம் எழுந்து, இடித்து, கலைய ஏறக்குறைய ஒரு மணி நேரம் போதும். எந்த ஊருக்கு மேல் எழும் என்பதைக் காலையிலேயே சரியாகச் சொல்வது இன்றைய கணினிகளுக்கும் கடினம். எழுந்த மேகத்தைக் கண்டு, அது போகும் திசையைக் கணித்துத்தான் எச்சரிக்கிறார்கள். சென்னைத் துறைமுகப் பகுதியில் 2002இல் அமைக்கப்பட்ட டாப்ளர் ராடார் இந்த வேலைக்கு உதவுகிறது. புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் உருவாக்கிய 'தாமினி' செயலி, நம்மைச் சுற்றி 20 முதல் 40 கிலோமீட்டருக்குள் மின்னல் ஆபத்து இருந்தால் தெரிவிக்கிறது. இத்தகைய ஆராய்ச்சியை விரிவாக்க 2024 செப்டம்பரில் மத்திய அரசு 2,000 கோடி ரூபாயில் 'மிஷன் மௌசம்' திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது.

நம் பகுதியின் நிலையையும் கவனியுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை உள்நாட்டிலிருந்து மேற்குக் காற்று வீசும். பிற்பகலில் கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் கரை வழியாகக் கடல்காற்று உள்ளே வரும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஈரக்காற்று மேலெழுந்து இடிமேகமாகிறது. அதனால்தான் அந்த மாதங்களில் பெரும்பாலும் மாலையிலும் இரவிலும் இடிக்கிறது. அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே நம் பிள்ளைகள் மதரஸாவிலும் மைதானத்திலும் இருக்கும் நேரம் அது.

2022இல் நாட்டில் மின்னல் தாக்கி 2,887 பேர் இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கூறுகிறது. எச்சரிக்கை வந்தும், அது உரியவர் காதுக்கு எட்டாவிட்டால் பயன் என்ன? நடவு நடும் பெண்களும், ஆடு மேய்ப்பவரும், கரையில் வலை பின்னுபவரும் அந்த நேரத்தில் போனைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

ஆகவே தெருவுக்கு இரண்டு இளைஞர்கள் முறை வைத்து எச்சரிக்கையைக் கவனிக்க வேண்டும். வந்தவுடன் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் எல்லா மக்களுக்கும் அறிவிக்க வேண்டும். இடி ஓயும் வரை உஸ்தாதுமார்கள் பிள்ளைகளை வெளியே விடக் கூடாது.

மின்னலுக்கும் இடிச் சத்தத்துக்கும் இடையே 30 எண்ணுவதற்குள் சத்தம் கேட்டால், உடனே கான்கிரீட் கட்டடத்துக்குள் போய்விடுங்கள். பனைமரம், புளியமரத்தடியில் ஒதுங்காதீர்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே வெளியே வாருங்கள். மின்னல் தாக்கியவரைத் தொட்டால் ஷாக் அடிக்காது. தயங்காமல் 108க்குச் சொல்லுங்கள். மூச்சு நின்றிருந்தால், ஆம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்யுங்கள்.

முறை எடுத்துக்கொள்ளும் இளைஞர்கள் கூட்டம் முடிந்ததும் அலுவலகத்தில் பெயர் கொடுக்கவும். வஸ்ஸலாம்.