மூலையில் அமர்ந்த சூசையப்பர்

மத்தேயுவும் லூக்காவும் எழுதிய சுவிசேஷங்களில் சூசையப்பர் வருகின்றார். தேவதூதன் கனவிற் கூறியதைக் கேட்கின்றார். எழுந்து அவ்வாறே செய்கின்றார். ஆயினும் அவர் வாய்ச்சொல் ஒன்றேனும் அங்கே எழுதப்படவில்லை. பேசாத ஒரு மனிதரைத் தீட்டுவது எவ்வாறு என்பது மத்தியகாலத்து ஓவியர்களுக்கு ஒரு சிக்கலாகவே இருந்தது.

ஒதுக்கி வைப்பதே அவர்கள் முதலிற் கண்ட வழி. கீழைத் திருச்சபையின் பிறப்புப் படங்களில் மரியன்னை நடுவே சாய்ந்திருப்பார். சூசையப்பரோ கீழ்மூலையிற் கன்னத்தைக் கையில் ஊன்றிக் கவலையோடு அமர்ந்திருப்பார். இத்தாலியில், பாதுவா நகரத்துச் சிற்றாலயம் ஒன்றில் 1305 ஆம் ஆண்டளவில் ஜொத்தோ தீட்டிய சுவரோவியத்திலும் அவர் நிலத்திலே துயில்வார்போற் காணப்படுகின்றார். பாலன் தம் மகன் அல்லன் என்பதை அந்த ஒதுக்கிடமே பார்ப்போர்க்கு உணர்த்திற்று.

ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே கதை வேறாயிற்று. ஜெர்மனியில், பாட் வில்டுங்கன் என்னும் ஊர்க் கோயிலுக்காக 1403 ஆம் ஆண்டளவிற் கொன்றாட் வொன் சோஸ்ட் வரைந்த பீடப்படத்தில், நரைத்த சூசையப்பர் தரையோடு தரையாகக் குனிந்து அடுப்பு நெருப்பை ஊதுகின்றார். அன்ட்வேர்ப் நகரிலுள்ள, ஏறத்தாழ 1400 ஆம் ஆண்டுக்குரிய சிறு படமொன்றிலோ தம் காலுறையைக் கழற்றிக் கத்தியால் அறுக்கின்றார். பிள்ளையைச் சுற்றத் துணியில்லை; அதற்காகத்தான். அவ்வாறு சுற்றிய துணி இதுவே எனக் கருதப்பட்ட ஒன்றை ஆகன் நகரத்துப் பேராலயத்தில் யாத்திரிகர் வணங்கி வந்தனர்.

கிழவரை நகையாடவே இவ்வாறு தீட்டினர் எனச் சிலர் கூறுவர். நகைப்பு இல்லாமல் இல்லை. ஆயினும், கேலிப்பொருளாக மட்டும் கருதிய ஒருவரின் காலுறைக்கு எவரும் மண்டியிடமாட்டார். குளிரில் நடுங்கும் குழந்தைக்கு உடனே வேண்டியவை நெருப்பும் துணியும். அவற்றைத் தேடுபவர் அப்படங்களில் அவர் ஒருவரே. 1416 இல் கொன்ஸ்தான்ஸ் சங்கத்தில் ஜான் ஜெர்சோன் என்ற பிரெஞ்சு அறிஞர் அவரைப் புகழ்ந்து பிரசங்கித்தபோது, ஓவியர் முன்பே கண்டிருந்த மனிதருக்குத்தான் மதிப்பு வேண்டி நின்றார் எனலாம்.

பின்னர் வந்தது மெரோட் பீடப்படம். றொபேட் கம்பின் பட்டறையில் 1430 ஆம் ஆண்டை அடுத்து உருவான இம்மூன்று பலகைப் படம் இன்று நியூயோர்க்கில் இருக்கின்றது. நடுப்பலகையில் வானதூதர் மரியன்னைக்கு மங்கள வார்த்தை சொல்ல, வலப்பலகையிற் சூசையப்பர் தச்சுப் பட்டறையில் இருந்து பலகையொன்றில் துளையிடுகின்றார். மேசைமேல் ஓர் எலிப்பொறி. சாளரத்தின் வெளிப்பலகையில் இன்னொன்று. சிலுவையைச் சாத்தானுக்கு வைத்த எலிப்பொறி என்று புனித அகுஸ்தீனார் உவமித்ததை இதனோடு இணைத்து, 1945 இல் மேயர் ஷபீரோ என்னும் கலை வரலாற்றாசிரியர் ஒரு கட்டுரை எழுதினார். அவ்விளக்கத்தை ஏற்காதாரும் உளர். சூசையப்பரோ அடுத்த அறையில் நிகழ்வதை அறியாதவராய்க் குனிந்த தலை நிமிராது துளையிட்டுக்கொண்டிருக்கின்றார். சாளரத்துக்கு அப்பால், விலைக்கு வைத்த பொறியின் பின்னே, நகரத்துச் சந்தைவெளியில் மக்கள் நடமாடுகின்றனர்.